எதிர்ப்பக்கம் திரும்பும் லென்ஸ்

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்துகொண்டிருந்தான் மணவாளன். தாகமெல்லாம் இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கோடம்பாக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த அந்தப் பிரிவியூ தியேட்டரில் ஏ.சி. ஒரு மூலைக்கு மட்டும் ஊட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தது. தேடிப் பிடித்து அந்த மூலையில்தான் உட்கார்ந்திருந்தான். வெளியே பட்டப்பகல், வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். உள்ளே திரையில் அவன் எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது, முக்கால்வாசி ஓடிவிட்டது. தொழிலாளியாக நடித்த தணிகாசலத்தின் முதுகு. தணிகாசலத்தின் கை. டிபன் பாக்ஸை அழுத்தி மூடும் விரல்கள். சைக்கிள் பெடலில் பாதம். முகம் இன்னும் வரவில்லை. கடைசி ஷாட்டில்தான் வரும். படம் முழுக்க அந்த மனிதனின் முகத்தைக் காட்டாமல் வைத்திருந்து, வேலையின் கடைசி நாளில் அவன் தொழிற்சாலை கேட்டைத் தாண்டி வந்து நிமிர்ந்து பார்க்கும் ஒரே ஒரு நேரத்தில் மொத்தமாகக் காட்டிவிட வேண்டும் என்பது டைரக்டர் பிரிட்டோவின் திட்டம். நல்ல திட்டம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை மணவாளனின் வலது கையில் இருந்தது, அந்தக் கைக்குத்தான் இப்போது பாட்டில் மூடியைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டிருந்தான். இரண்டு வரிசை முன்னால், நடைவழியை ஒட்டிய இருக்கையில் தணிகாசலத்தின் மனைவி சம்பூர்ணம் உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை. முகத்தைப் பார்க்க வந்திருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம்மா என்றான். "வூட்ல மாட்டிக்கிற போட்டோ ஆதார் கார்டுலர்ந்து பெருசு பண்ணது தம்பி. அதுல யாரையோ அடிக்கப் போறவரு மாதிரி கீறாரு. இதுல மூஞ்சி நல்லா வரும்ல?" என்று கேட்டாள். வரும்மா, கடைசியில வரும் என்றான். எப்படி வரும் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் இப்போது இந்த மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் என்னவென்று சொல்வது? அம்மா, இந்த லென்ஸ் எதிர்ப்பக்கம் திரும்பும் லென்ஸ் என்றா? எல்லாம் அந்த லென்ஸ் பைத்தியத்தில் ஆரம்பித்ததுதான். சினிமாவுக்கென்றே செய்த லென்ஸ்களை வாடகைக்கு எடுத்தால் ஒரே வாரத்தில் பட்ஜெட் முழுவதும் கரைந்துவிடும் என்று பிரிட்டோ தலையில் கைவைத்து உட்கார்ந்த அன்று, பழைய போட்டோ லென்ஸ்களை வைத்து எடுக்கலாம் என்று ஐடியா கொடுத்தவன் இவனேதான். கொடுத்ததோடு நில்லாமல் அலைந்தான். கல்யாண வீடுகளில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து ஓய்ந்துபோன ஸ்டுடியோக்காரர்களின் பரண்கள், பர்மா பஜார், ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகள். பிலிம் ரோலோடு இவற்றின் மவுசும் போயிருந்தது, வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ரஷ்யாவில் செய்த ஒன்று. கிழக்கு ஜெர்மனியில் செய்த ஒன்று, கண்ணாடி டீத்தண்ணி நிறத்துக்கு மஞ்சளித்திருந்தது, வெயிலில் வைத்தால் தெளியும் என்று எங்கேயோ படித்துவிட்டு மொட்டை மாடியில் நாள்கணக்காகக் காய வைத்தான், பக்கத்து போர்ஷன் அக்கா ஊறுகாயா என்று கேட்டாள். அப்புறம் அந்த ஜப்பான் லென்ஸ். நீளமானது, தூரத்தில் இருப்பதை இழுத்துக் கிட்டே காட்டுவது, ஓரத்தில் நூலாம்படை மாதிரிப் பூஞ்சை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சம்புடத்தில் போட்டு, ஈரம் சேராமலிருக்கச் செருப்புப் பெட்டிகளில் வரும் சின்னச் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, குழந்தைகளைப் போலப் பார்த்துக்கொண்டான். புது லென்ஸ் ஒரு முகத்தைப் போலீஸ்காரன் மாதிரிப் பார்க்கும், தோலில் ஒரு துளையை விடாது. இந்தக் கிழட்டு லென்ஸ்களில் முகம் கொஞ்சம் இளகித் தெரியும், விளக்கு வெளிச்சம் ஓரத்தில் வழியும், பார்க்கிறவனுக்கு அந்த ஆள்மேல் ஒரு பிரியம் வந்துவிடும். அதில் மணவாளனுக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஒரே ஒரு தொந்தரவு. ஒவ்வொரு கம்பெனிக்காரனுக்கும் ஒரு வீம்பு. ரஷ்யாக்காரன், ஜெர்மன்காரன் லென்ஸ்களில் போகஸ் வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் கூர்மை கிட்டே வரும். அந்த ஜப்பான்காரன் செய்ததில் அதே பக்கம் திருப்பினால் தூரத்துக்குப் போகும். பெரிய படங்களில் போகஸ் பார்க்க என்றே தனி ஆள் இருப்பான், லென்ஸ்களும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக ஒரே பக்கம் திரும்பும். இங்கே காமிராவும் மணவாளன், போகஸும் மணவாளன், பெட்டி தூக்குவதும் மணவாளன். அதனால் அந்த ஜப்பான் லென்ஸின் வளையத்தில் மட்டும் ஒரு சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தான். தொட்டதும் விரலுக்குத் தெரியும், இவன் எதிர்ப்பக்கம் திரும்புகிறவன், ஜாக்கிரதை.

அந்த டேப். வெயிலில் பசை இளகி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஒட்டினால் என்ன, செத்தா போய்விடுவாய்? அந்தக் கடைசி ஷாட் எடுத்த அன்று காலையில்தான் உரித்துப் போட்டான், அப்புறம் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம் என்று. அந்த அப்புறம் வரவே இல்லை. திரையில் இப்போது தணிகாசலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார், பின்னால் வேப்ப மரத்தின் இலைகளெல்லாம் வட்டம் வட்டமாகச் சுழன்று நிற்கின்றன, ரஷ்ய லென்ஸின் வேலை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தாடிக்காரர், விமர்சனம் எழுதுகிறவராம், அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மணவாளனுக்கு அந்தத் தாடியைப் பிடித்து இழுக்கலாம் போலிருந்தது. அந்த ஷாட்டில் போகஸ் கச்சிதமாக இருக்கிறது, சைக்கிள் கேரியரில் மாட்டியிருந்த பையின் கிழிசல்கூடத் தெரிகிறது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? தேவையில்லாத இடத்திலெல்லாம் அவன் கை ஒழுங்காகத் திரும்பியிருக்கிறது. இந்த நாலைந்து மாதத்தில் அவனுக்கு ஒரு புது வியாதி. குழாயைத் திறக்கும்போது ஒரு கணம் நின்று எந்தப் பக்கம் என்று யோசிக்கிறான். சாவியைப் பூட்டுக்குள் விட்டுவிட்டு நிற்கிறான். கல்யாண வீட்டு வீடியோ எடுக்கப் போன இடத்தில், தானாகப் போகஸ் செய்துகொள்ளும் புது லென்ஸை மாட்டிக்கொண்டு, கை வெறுமனே திரும்பிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்கு மாமன்காரர் ஒருவர் ஏன் தம்பி கை நடுங்குது, சாப்பிட்டியா என்று கேட்டார். நடுங்கவில்லை, திரும்பிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டான். பாட்டில் மூடி மறுபடி திறந்தது. மூடியை இந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும், அந்தப் பக்கம் திருப்பினால் மூடும், உலகத்தில் இருக்கிற எல்லா பாட்டிலும் இப்படித்தான். பாட்டில் செய்கிறவனுக்கு இருக்கிற புத்தி லென்ஸ் செய்கிறவனுக்கு இல்லையே என்று நினைத்தான். லென்ஸ்மேல் பழியைப் போடாதே என்றும் உடனே நினைத்தான். லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று உனக்குத் தெரியும்.

தெரியும். அன்றைக்குக் காலையிலிருந்து ரஷ்ய லென்ஸிலேயே எடுத்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் சாப்பிடுவது, கை கழுவுவது, எல்லாம் கையை மட்டும் காட்டும் ஷாட்டுகள். சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்துக்கு அம்பத்தூரில் அந்தத் தொழிற்சாலைக்குப் போனார்கள். அனுமதி கிடையாது. கேட்கப் போனால் காசு கேட்பார்கள், இல்லை துரத்துவார்கள். எதிரே இருந்த டீக்கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து, காமிராவை டீ கிளாஸ்களுக்கு நடுவே வைத்து, அந்த நீள ஜப்பான் லென்ஸை மாட்டி எடுத்துவிடலாம், பார்க்கிறவனுக்கு யாரோ போட்டோ எடுக்கிறவன் மாதிரித்தான் தெரியும். பழைய போட்டோ லென்ஸால் இது ஒரு லாபம். தணிகாசலம் அதே மாதிரி ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், இந்தப் படத்துக்கு முன்னால் சினிமா பார்த்ததோடு சரி, நடித்ததில்லை. கூட்டத்தோடு கூட்டமாகக் கேட்டுக்குள்ளே போய் நின்றுகொள்ள அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போவதற்கு முன்னால் டீக்கடை வாசலில் மணவாளனின் தோளைத் தட்டி, "டைரக்டரு ஒண்ணும் பண்ண வாணாம், சும்மா பாருங்கன்றாரு. நான் ஒண்ணு யோசிச்சு வச்சிக்கிறேன். இப்ப சொல்ல மாட்டேன். நீ அதுக்குள்ள கண்ண வச்சிகினு இருப்பல்ல, நீயே பாரு," என்றார். அதைச் சொல்லும்போது ஒரு பள்ளிக்கூடப் பையனைப் போல வெட்கப்பட்டார். சங்கு ஊதியது. ஆட்கள் வந்தார்கள். கேட்டில் போகஸ் வைத்திருந்தான், கேட்டின் முன் வண்டிகளை நிறுத்தக் கூடாது என்று பெயிண்டில் எழுதியிருந்த ஒவ்வொரு எழுத்தும் செதுக்கினது போல நின்றது. தணிகாசலம் வெளியே வந்தார். கூட்டத்தை விட்டுப் பிரிந்து அவனை நோக்கி நடந்தார். அவர் கிட்டே வர வர கூர்மையைக் கிட்டே இழுத்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை, எத்தனை ஆயிரம் தடவை செய்த வேலை. கை திரும்பியது. அவர் கலங்கினார். இன்னும் திருப்பினான், இன்னும் கலங்கினார், வளையம் கடைசிவரை போய் டக்கென்று முட்டி நின்றது. அந்த முட்டல் இப்போதும் விரலில் இருக்கிறது. முட்டினால் போதும், தப்பான பக்கம் என்று எந்த மடையனுக்கும் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினான். காலையெல்லாம் பழகிய கை, தன் வழக்கத்தை விட மாட்டேன் என்றது. அதற்குள் தணிகாசலம் வந்து நின்று, நிமிர்ந்து, நேராக லென்ஸைப் பார்த்து, அந்த ஒன்றைச் செய்தார். எதையோ செய்தார். அந்த மங்கலுக்குள் ஏதோ அசைந்தது. அப்போதுதான் புத்திக்கு உறைத்து வளையத்தை மறுபக்கம் சுழற்றினான். கூர்மை வந்து சேர்ந்தபோது அவர் திரும்பிவிட்டார். பின்கழுத்து வந்தது. சட்டைக் காலரின் நைந்த ஓரமும், சாயம் பூசாமல் விட்டுப்போன நரைமுடியும், ஒரு மச்சமும், தொட்டுப் பார்க்கலாம் போல அவ்வளவு சுத்தமாக வந்தது. வாட்ச்மேன் கத்திக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான். காமிராவைச் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். "எப்டி, பாத்தியா?" என்று வண்டியில் தணிகாசலம் கேட்டார். சூப்பர்ணா என்றான் மணவாளன்.

சூப்பர்ணா. அந்த வார்த்தை இருக்கிறதே, அதை நாக்கிலிருந்து சுரண்டி எடுக்க முடியவில்லை. பிரிட்டோ லேப்டாப்பில் அந்த ஷாட்டைப் பார்த்தான். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். நாலு வார்த்தை கெட்டதாகத் திட்டியிருக்கலாம், திட்டினால் பதிலுக்குத் திட்டி, டீ குடித்து, முடித்திருக்கலாம். "விடுடா, அடுத்த வாரம் வேற கேட்ல எடுத்துக்கலாம். அண்ணன்கிட்ட டெக்னிக்கலா ஏதோ பிரச்சினைன்னு சொல்லிக்கலாம்," என்றான். அடுத்த வாரம் வருவதற்குள் தணிகாசலம் ரேஷன் கடை வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டில் மணவாளன் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையைப் போட்டுவிட்டு, குனிந்தபடியே வெளியே வந்துவிட்டான். அப்புறம் அந்த ஷாட்டோடு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்தான். மங்கலைத் தெளிவாக்கித் தருகிறோம் என்கிற சாப்ட்வேர்களையெல்லாம் போட்டுப் பார்த்தான், அவை யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளின் முகத்தைச் செய்து கொடுத்தன, பார்க்கவே பயமாக இருந்தது, அழித்துவிட்டான். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்பு கொஞ்சம் அகலமாகிறது. சிரிப்பா? அழுகையா? ஏதாவது சொன்னாரா? நாக்கைத் துருத்திக்கூடக் காட்டியிருக்கலாம், ஆள் அப்படிப்பட்டவர்தான். தெரியாது. டீக்கடைக்குள் பிரிட்டோ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், கூட்டம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தது, அந்த மனிதன் யோசித்து வைத்துச் செய்த அந்த ஒன்றைப் பார்த்திருக்க வேண்டிய கண் உலகத்திலேயே ஒன்றுதான், அது மணவாளனுடையது, அது மங்கலைத்தான் பார்த்தது. பிரிட்டோ மெல்ல மெல்ல வேறு பேச்சுப் பேச ஆரம்பித்தான். முகம் தெரியாததுதான் சரி. தொழிலாளிக்கு இந்தச் சமூகம் முகம் கொடுக்கவில்லை. கேட் தெளிவாகத் தெரிகிறது, மனிதன் தெரியவில்லை, இதைவிட என்ன வேண்டும்? முதலில் மணவாளனைத் தேற்றத்தான் சொன்னான் என்று தோன்றியது, பிறகு அவனே நம்பிவிட்டான். நம்பட்டும். படம் பிழைக்க வேண்டுமே. மணவாளனும் ஒரு வாரம் நம்பிப் பார்த்தான். நம்ப முடியவில்லை. சங்கு சத்தம் கேட்டது. உண்மையிலேயே கேட்டது, திரையிலிருந்து. பாட்டில் மூடி கையிலிருந்து நழுவி இருட்டில் எங்கேயோ உருண்டு போனது.

தொழிற்சாலை கேட் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய திரையில் அந்த எழுத்துகளின் பெயிண்ட் உரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. மணவாளன் திரையைப் பார்க்கவில்லை, சம்பூர்ணத்தின் தலையைப் பார்த்தான். இத்தனை நேரம் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் முன்னால் நகர்ந்து நிமிர்ந்தாள். கொண்டையில் வைத்திருந்த பூ லேசாக ஆடியது. பூவெல்லாம் இல்லை, அவள் பூ வைப்பாளா இப்போது, கிளிப்பில் திரை வெளிச்சம் பட்டது, அதைப் பூ என்று நினைத்துவிட்டான். ஆட்கள் வருகிறார்கள். அவர் வருகிறார். இதோ பிரிகிறார். மணவாளனின் கை மடிமேல் திரும்பியது, சரியான பக்கம், இப்போது சரியான பக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான், வேர்வையில் பேன்ட் துணி முறுக்கிக்கொண்டது. ஒன்றும் ஆகவில்லை. அவர் கலங்கிக்கொண்டே வந்தார். சம்பூர்ணம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்த்தாள், முன்னால் நீட்டிப் பார்த்தாள். மறுபடி கழற்றி, வாயால் ஊதித் துடைத்தாள். கண்ணாடி அவள் கையில் இருக்கும்போதே அங்கே, சுவர் அளவு பெரிய மங்கலில், அந்தக் கருப்பு அகலமாகி மறைந்தது. அவள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது பின்கழுத்து தெளிவாக நின்றது. எழுத்துகள் ஓடின, அதில் ஒளிப்பதிவு என்று இவன் பெயரும் ஓடியது. விளக்குப் போட்டார்கள். கை தட்டினார்கள். தாடிக்காரர் எழுந்து பிரிட்டோவைக் கட்டிக்கொண்டு, "கடைசி வரைக்கும் முகத்தைக் கொடுக்கவே இல்ல பாருங்க, அங்கதான் சார் நீங்க நிக்கிறீங்க," என்றார். பிரிட்டோ அவர் தோளுக்கு மேலாக மணவாளனை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பின்வழியாகப் போய்விடலாம் என்றுதான் எழுந்தான். இந்த தியேட்டருக்குப் பின்வழி கிடையாது. சம்பூர்ணம் நடைவழியிலேயே நின்றுகொண்டிருந்தாள், கையில் மூக்குக் கண்ணாடி, மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எங்கண்ணு அவிஞ்சிட்ச்சு போல தம்பி," என்றாள். "எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சிது. கேட்ல எழுதிக்கிற எழுத்துகூட எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அவரு திரும்பிப் போசொல்ல களுத்து மச்சம் தெரிஞ்சிது. மூஞ்சி வர்ற நேரம் பாத்து மக்கர் பண்ணிட்ச்சு."

சொல்லிவிடு, என்றது உள்ளே ஒன்று. உங்க கண்ணு நல்லா இருக்கும்மா, என் கைதான். இரண்டே வாக்கியம். வாய் திறந்தது.

"ஏசி குளிருக்குக் கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கும்மா," என்றான்.

"இருக்கும் இருக்கும்." அவள் அதை நம்பியதில் ஒரு நிம்மதி தெரிந்தது. அது அவனுக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. "இத்த எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரமா மூஞ்சி பாக்குற கண்ணாடிகிட்ட நின்னுகினு என்னமோ பண்ணிகினு இருந்தாரு. நான் போனா நிறுத்திடுவாரு. இன்னாயா அதுன்னு கேட்டா, படத்துல பாருடின்னாரு. நீ அங்கியே இருந்தியே. இன்னா பண்ணாரு?"

மணவாளனின் விரல்கள் காற்றில் ஒரு வளையத்தைப் பிடித்துத் திருப்பின. அவளுடைய கண்கள் அவன் முகத்தை விட்டு அகலவில்லை, நரைத்த புருவங்களுக்குக் கீழே நல்ல தெளிந்த கண்கள்.

"சிரிச்சாரும்மா."

"சிரிச்சாரா?" சம்பூர்ணம் அதை வாய்க்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா, அவனுக்குப் பிடிபடவில்லை. "சிரிக்கிறதுக்கா ஒரு வாரம் கண்ணாடி பாத்தாரு? வேற ஏதோ பண்ணிக்கிறாரு, நீ சரியா கவனிக்கல." கோபமில்லாமல்தான் சொன்னாள். மூக்குக் கண்ணாடியை மடித்துக் கூட்டில் வைத்து, கூட்டைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "போவட்டும். இத்த மறுபடி எப்ப போடுவாங்க?"

"அடுத்த மாசம் ஒரு ஷோ இருக்கும்மா."

"அதுக்குள்ள எளும்பூர் ஆஸ்பத்திரில கண்ணைக் காட்டி, புதுக் கண்ணாடி வாங்கிகினு வந்துட்றேன். முன்னாடி சீட்டா பாத்து எனக்கு ஒண்ணு போட்டு வையி."

"சரிம்மா," என்றான் மணவாளன்.